உடலில் சுரப்பது என்பதாலேயே ஊசி பாதுகாப்பாகிவிடுமா?

தோல் நிறத்தை வெளுக்கவைக்கப் போடும் குளுட்டாதயோன் ஊசி பற்றிய இந்தக் கட்டுரையில், "குளுட்டாதயோன் நம் உடலே தயாரிக்கும் பொருள், அதனால் ஊசியில் ஏற்றினாலும் பயமில்லை" என்று ஓர் அழகுக்கலை நிபுணர் சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்சுலினும்தான் உடலில் சுரக்கிறது. ஊசியில் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. செல்லுக்குள் தேவைக்கேற்ப உண்டாவது வேறு, ரத்தக் குழாயில் மொத்தமாக ஏற்றுவது வேறு. நிறத்தை வெளுக்கவைக்கும் ஊசி எதற்கும் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தரவில்லை. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது: சிறுநீரகம், தைராய்டு கோளாறு முதல் தோல் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரை. என் தங்கைக்கு நாலாவது ஊசி போட்ட அன்று இரவே கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. அவசரப் பிரிவில் "என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. போட்ட இடத்தில் சீட்டு தரவில்லை, குப்பியைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. பிழைத்துக்கொண்டாள், அந்த இரவை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. மேலே உள்ள வாசகர் கருத்தில் "ஆறு மாதமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கும் சகோதரிக்கு: நிறுத்தினால் நிறம் பழையபடி திரும்பிவிடும் என்பதால் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள், தயவுசெய்து முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை ஏற்றிய குப்பியின் லேபிளையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள்.