பாதி பேர் ஹாலில், பாதி பேர் போனில்

அடுக்குமாடிச் சங்கக் கூட்டம் என்றால் இன்று பாதிப்பேர் கீழே ஹாலில், மீதிப்பேர் துபாயிலும் நியூஜெர்சியிலும். இந்தக் கலவைக் கூட்டம் கெடும்போது எல்லோரும் நெட்டைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ஹாலுக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த எதிரொலி. லேப்டாப்போ போனோ, தன் ஸ்பீக்கரில் ஓடும் சத்தம் எது என்று அதற்குத் தெரியும். மைக்கில் அது திரும்பி வந்தால் கழித்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் போனிலிருந்து அரை நொடி தாமதமாக வரும் அதே குரல் அதற்குத் தெரியாது. அதையும் புதுப்பேச்சு என்று எண்ணி அனுப்பிவிடும். “எல்லாரும் ம்யூட் போடுங்க” என்று கத்துவதால் இது தீராது. ம்யூட் மைக்கைத்தான் மூடும், ஸ்பீக்கரை அல்ல. ஹாலில் ஒரே கருவி, அதே கருவியின் மைக், அதே கருவியின் ஸ்பீக்கர். மற்ற போன்கள் ஆடியோ இணைக்காமல் இருக்கட்டும், இல்லையென்றால் வெளியேறட்டும்.

அடுத்தது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடைவெளி இரு மடங்கானால் குரலின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். ஃபேன் சத்தம் மட்டும் குறையாது. ஆகவே பேசுகிறவர் எழுந்து லேப்டாப் அருகே வரவேண்டும். கூச்சப்பட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினால் வெளியூரில் இருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை.

வீடியோவை வற்புறுத்தாதீர்கள். குரலுக்கு மட்டும் நொடிக்கு 80 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 36 எம்பி. வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் என்றாலே 450 எம்பி. மொபைல் டேட்டாவில் வரும் பெரியவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஜூமில் டயல்-இன் எண் (நெட் இல்லாமல் சாதாரண கால் போட்டுக் கூட்டத்தில் சேரும் எண்) உள்ள கணக்கு என்றால் பட்டன் போனிலிருந்தே வரலாம்: ஸ்டார் 6 அழுத்தினால் ம்யூட் விலகும், ஸ்டார் 9 கை தூக்கும். இதை அழைப்பிலேயே தமிழில் எழுதி அனுப்புங்கள்.

நேரம்: ஞாயிறு இரவு 7 மணி வசதி. துபாயில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 9.30, நியூஜெர்சியில் காலை 9.30 (குளிர்காலத்தில் 8.30). ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். அதனால் வரவுசெலவை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, முடிவெடுக்க வேண்டியதை முதலில் எடுங்கள்.

வாக்கெடுப்பில்தான் அநியாயம் நடக்கிறது. “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டு, இரண்டு நொடி மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு நொடியில் மறுமுனைக்காரர் ம்யூட் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டு எண்ணைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள், லைன் அறுந்திருந்தால் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். பராமரிப்புத் தொகையில் அவர்களும் பங்கு கட்டுகிறார்கள்.