இன்றைக்கு வஞ்சிரம் இல்லை என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

ஒரு மீன் ஓட்டலைப் பற்றி அருமை என்று சிலரும் மோசம் என்று சிலரும் இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவகாரத்தில் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஓட்டல் தரப்பில் எழுதிய பதிலைப் படித்த பிறகு முடியவில்லை. வஞ்சிரம் வாடை அடித்தது என்று சொன்னவருக்கு, "உங்களுக்குக் கடல் மீன் சாப்பிட்டுப் பழக்கமில்லை போல" என்று பதில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

எனக்குப் பழக்கம் உண்டு. சென்னை ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் 32 வருஷம் வேலை பார்த்தவர். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

அங்கே அருமையாகச் சாப்பிட்டேன் என்பவர்களும் பொய் சொல்லவில்லை, வயிறு எரிந்து வந்தேன் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. என் வீட்டிலேயே இரண்டும் நடந்திருக்கிறது. போன பிப்ரவரியில் தம்பி குடும்பத்தோடு போய் வந்து, நெத்திலி வறுவலையும் சுறாப் புட்டையும் பற்றி ஒரு வாரம் பேசினான். அவன் பேச்சைக் கேட்டுத்தான் மே மாதம் அப்பாவின் 70வது பிறந்த நாளுக்கு அதே ஓட்டலுக்குப் போனோம்.

அப்பா முதலில் கேட்டதே, "வஞ்சிரம் இன்னைக்கு வந்ததாப்பா?" என்றுதான். "காலையில இறங்கினது சார், ஃப்ரெஷ்" என்றார் பரிமாறுபவர். வந்த துண்டு மேலே மசாலா மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. பிட்டால் உள்ளே மாவு மாதிரி உதிர்ந்தது. வஞ்சிரம் அப்படி உதிராது, இதழ் இதழாகப் பிரியும். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். ஆட்டோவில் வரும்போது, "விடும்மா, பசி அடங்கிடுச்சு" என்றார். பிறந்த நாள் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

உடனே ஒருவர் வருவார்: மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், அவர்கள் என்ன செய்வார்கள்? நான் சொல்வதும் அதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்பு 45 நாள், 2017லிருந்து 61 நாள். மீன் முட்டையிடும் காலம், தடை வேண்டியதுதான். அந்த நாட்களில் நாட்டுப்படகும் ஃபைபர் போட்டும் கொண்டு வருவதுதான் நம் மீன். மற்றது வெளியூரிலிருந்து ஐஸில் வரும், இல்லாவிட்டால் ஏற்கெனவே உறைய வைத்திருந்ததை எடுப்பார்கள். ஐஸில் வந்த மீன் கெட்ட மீன் இல்லை. அப்பா வாழ்க்கை முழுக்க ஐஸோடுதான் கழிந்தது, எனக்குத் தெரியாதா? ஐஸ் மீனை ஐஸ் மீன் என்று சொல்லிக் கொடுங்கள். காலையில் இறங்கியது என்று ஏன் சொல்ல வேண்டும்?

சந்தையில் நாம் ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கண் பளிச்சென்று இருக்கிறதா பார்க்கலாம், விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா பார்க்கலாம். ஓட்டலில் துண்டு போட்டு மசாலா தடவி வரும் மீனுக்குக் கண்ணும் கிடையாது, செவுளும் கிடையாது. அங்கே நமக்கு இருப்பது அவர்கள் வாய்வார்த்தை மட்டும்தான். அந்த ஒன்றிலும் பொய் சொன்னால் சாப்பிட வருகிறவன் எதை நம்புவான்?

காசிமேட்டில் அம்மா வழக்கமாக வாங்கும் ஒரு ஆயா இருந்தார். "வஞ்சிரம் வேணாம் கண்ணு, நேத்துது. சங்கரா எடுத்துனு போ" என்பார். வஞ்சிரத்தை எங்களிடம் விற்றிருந்தால் அவருக்கு அன்றைக்குக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். கூடையைத் தூக்கினால்தான் சோறு என்ற நிலையில் இருந்தவர் அதைச் சொன்னார். ஏ.சி. போட்டு, அளவைப் பொறுத்து விலை என்று அட்டையில் அச்சடித்து வைத்திருப்பவர்களால் சொல்ல முடியவில்லை.

குறை சொல்பவர்களைப் போட்டி ஓட்டல்காரன் காசு கொடுத்து எழுத வைக்கிறான் என்கிறார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

வேலை செய்பவர்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று ஒரு தோழி உள்பெட்டியில் எழுதியிருந்தார். அது என்னைத் தைத்தது. அதனால்தான் இன்றைக்கும் ஓட்டல் பெயரை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பரிமாறிய பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைச் சொன்னான். ஆனால் தோழி, என் அப்பாவும் கூலி வாங்கி வேலை பார்த்தவர்தான். 70 வயதில் ஒரு நாள் தட்டைப் பாதியில் ஒதுக்கியவருக்காக நான் பேசக்கூடாதா?

அன்றைய பில்லில் சேவைக் கட்டணம் வேறு சேர்த்திருந்தார்கள். அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள், ஆனால் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான் பிச்சை கேட்டது போல. மீன் சரியில்லை என்று சொன்னபோதும் அதே பார்வைதான். நேற்று அந்த மனிதருக்கு எழுதிய பதிலிலும் எனக்கு அந்தப் பார்வைதான் தெரிந்தது. காசு கொடுத்துச் சாப்பிட்டவன் குறை சொன்னால் அவனுக்கு நாக்கு சரியில்லை, வசதி இல்லை, பழக்கமில்லை. மீனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் ஒரு கரும்பலகை போதும். இன்றைக்கு வந்தது இது, ஐஸில் இருப்பது இது, வஞ்சிரம் இல்லை. எழுதி வையுங்கள், நாங்கள் நெத்திலி சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.

அடுத்த மாதம் அம்மாவின் பிறந்த நாள். அங்கேயே மேசை சொல்லி வைக்கட்டுமா என்று தம்பி கேட்கிறான். அவனுக்கு இன்னும் அந்தச் சுறாப் புட்டு ஞாபகம். அப்பாவிடம் கேட்டேன். "நான் வீட்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார்.