நாற்பது நிமிடம்

தைப்பூசக் காவடியன்று எங்கள் கோயில் கமிட்டி செய்ததைக் கேட்டு இங்கே மூன்று வரிதான் எழுதினேன். மந்திரி வரும்வரை காவடியைக் கோயில் வாசலில் நிறுத்தியது தப்பு. நாற்பது நிமிடம் நிறுத்தினீர்கள். பால் திரிந்ததற்குக் காவடி எடுத்த ஒரு பெண்ணின் விரதத்தைக் குறை சொன்னது அதைவிடத் தப்பு. அவ்வளவுதான். இரண்டு நாளாக என் மதம், என் கட்சி, என் மனைவி, என் பென்ஷன் எல்லாம் கமெண்டில் வந்துவிட்டது. அந்த நாற்பது நிமிடம் மட்டும் வரவில்லை.

நடந்ததை இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீடியோவை ஆளுக்குப் பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தைப்பூசம் பனிக்காலத்தில் வருகிறது. மொரிஷியஸில் அது உச்சக் கோடை. பத்து நாள் விரதம் இருந்து, காவடியின் இரண்டு பக்கமும் பால் செம்பு கட்டி, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வருவோம். சந்நிதியில் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருந்தால் விரதம் பலித்தது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நாற்பது நிமிடம் வாசலில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணின் பால் திரிந்திருந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி, "விரதத்துல என்ன குறை வெச்சியோ" என்றார். நாக்கில் ஊசியோடு அவள் அழுததை நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

நாக்கில் ஊசி குத்தியிருப்பவள் எப்படிப் பதில் சொல்வாள்? ஊசி இல்லாமல் சும்மா இருந்தது என் நாக்குதான். அதனால் நான் கேட்டேன்.

உடனே, "வாத்தியார் நாத்திகர் ஆகிவிட்டார்." ஐயா, என் அம்மா காவடிக்கு முதல் நாள் இரவு செம்பு கழுவுவதை நீங்கள் பார்த்ததில்லை. புளி போட்டுத் தேய்ப்பாள். புளி வாசனை துளிகூட நிற்கக் கூடாது என்று ஏழெட்டுத் தண்ணீர் அலசுவாள். பிறகு கொதிக்கிற வெந்நீரை ஊற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பாள். பாலை நன்றாகக் காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்றுவாள். "முருகன் பாத்துக்குவான். ஆனா செம்பை நான்தான கழுவணும்" என்பாள். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் காவடி எடுத்தார், பால் திரிந்ததில்லை. இதில் அப்பாவின் பக்தி எவ்வளவு, அம்மாவின் புளி எவ்வளவு என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் வெயில் ஏறினால் பால் திரியும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் விடியும் முன்பே, காவடி புறப்படும் ஆற்றங்கரைக்கு அப்பாவைத் துரத்திவிடுவாள். அவளும் நாத்திகரா?

அப்புறம் அந்த இன்னொரு கமெண்ட். "வாத்தியார் வீட்டில் மாதா படமும் இருக்கிறதே, நமக்கு என்ன சொல்ல வருகிறார்?" ஆமாம், இருக்கிறது. என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். அவள் பெயரும் தமிழ்ப் பெயர்தான். முப்பது வருஷமாகப் பத்து நாளும் எனக்கு விரதச் சமையல் செய்கிறாள், வீட்டில் முட்டை ஓடுகூட இருக்காது. என் அம்மா ஒவ்வொரு செப்டம்பரும் சேந்த் குருவாவில் பேர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் சமாதிக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனவள். உங்கள் அம்மாவும்தான் போயிருப்பார், கேட்டுப் பாருங்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கமெண்ட் எழுதியவர் எங்கள் வீட்டில் காவடிக்குப் பிறகு போடும் ஏழு கறி விருந்து சாப்பிட்டவர் என்பதுதான் வருத்தம். சமைத்தவள் என் மனைவி.

அடுத்து, "மந்திரியைப் பகைத்துக்கொண்டால் மானியம் யார் தருவார்?" மானியம் அவர் சட்டைப் பையிலிருந்தா வருகிறது? இந்த நாட்டில் எல்லா மதத்துக்கும் அரசு பணம் தருகிறது. அது என் வரிப்பணம், அந்தப் பெண்ணின் அப்பா கட்டும் வரிப்பணம். நம் பணத்தை நமக்கே கொடுப்பவருக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முருகனுக்குப் போட்ட பிறகு போடுங்கள்.

"மற்ற மதத்துக்காரர்களும் மந்திரியை மேடை ஏற்றத்தானே செய்கிறார்கள்?" ஏற்றட்டும். எனக்கென்ன.

"போன ஆட்சியில் வேறொரு மந்திரி வந்தபோது வாயை மூடிக்கொண்டுதானே இருந்தாய்?" இருந்தேன். அப்போதும் கேட்டிருக்க வேண்டும். சரி, ஒரு தடவை சும்மா இருந்தவன் செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாதா?

தமிழ்நாட்டு நண்பர்கள் இரண்டு பக்கமாக நின்று அறிவுரை சொல்கிறார்கள். ஒருவர், "காவடியே மூடநம்பிக்கை, பெரியாரைப் படியுங்கள்." படித்திருக்கிறேன் தம்பி. பால் திரிந்ததை வைத்து ஒரு பெண்ணை அழவைத்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் எனக்காகப் பேச வரவில்லை, என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வந்திருக்கிறீர்கள். இன்னொருவர், "நீங்கள் எல்லாம் இந்துக்கள், சண்டை போடாதீர்கள்." சென்சஸில் மதம் என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதுகிற ஊர் இது. தேர்தலில் நிற்பவர் எந்தச் சமூகம் என்று எழுதுகிற பாரத்தில் இந்து, முஸ்லிம், சீனர், மற்றவர் என்று நாலுதான். அதை எழுத மாட்டோம் என்று நின்றவர்களின் மனுவைத் தள்ளினார்கள். 2012-இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவே இது சரியில்லை என்றது. 2014 தேர்தலுக்கு மட்டும், எழுதினால் எழுது, இல்லாவிட்டால் விடு என்றார்கள். இங்கே ஒரு மனிதனைக் கட்டத்தில் அடைத்த பிறகுதான் அவன் பேச்சைக் கேட்பார்கள். என்னை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்றுதான் இரண்டு நாளாகத் தேடுகிறீர்கள்.

1998 ஞாபகம் இருக்கிறதா? எங்கள் நாட்டுப் புது ரூபாய் நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டார்கள். இங்கிலீஷ், தமிழ், இந்தி என்றுதான் காலங்காலமாக இருந்த வரிசை. எவ்வளவு கொதித்தோம்! ஒரு வரி கீழே போனதற்காக. கடைசியில் அரசு அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டது. கமிட்டிப் பெரியவரும் நானும் அப்போது ஒரே பக்கம் நின்றவர்கள். "நம்ம இடத்தை எவனுக்கும் விடக் கூடாது" என்று என் தோளைப் பிடித்துச் சொன்னவர் அவர். நோட்டில் விடவில்லை. போன வாரம் கோயில் வாசலில் விட்டுவிட்டார், அதுவும் மந்திரிக்குக் குடை பிடித்துக்கொண்டு போய்.

அந்தப் பெண் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நாக்கு இன்னும் ஆறவில்லை, பேச்சு குழறுகிறது. மன்னிப்புக் கேட்க வந்தாளாம், அவளால் எனக்குக் கெட்ட பெயராம். என் மனைவி அவளுக்கு ஆறிய பாயசம் கொடுத்து அனுப்பினாள்.

கடைசியாக ஒருவருக்கு மட்டும். "ஆஃப்டர் ஆல் பத்து நிமிஷம், வாத்தியாருக்கு வயசாகிவிட்டது" என்று எழுதிய தம்பிக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ண உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒன்பதுக்குப் பிறகு எப்போதும் திணறுவாய். பத்து இல்லை தம்பி, நாற்பது.