எத்தனை வாட்டில் இந்த வேகம் என்று கேளுங்கள்

புதிய டெஸ்க்டாப் பிராசசர் ஒன்று வெளியாகும் நாளில் நம் கண்ணில் முதலில் படுவது ஒரு பட்டை வரைபடம். மேலே இருப்பது வென்றது, கீழே இருப்பது தோற்றது, அவ்வளவுதான். அந்த உயரத்தை எட்ட அது எத்தனை வாட் மின்சாரம் இழுத்தது என்ற எண், பல பக்கங்கள் தள்ளி ஒரு மூலையில் கிடக்கும். பெரும்பாலோர் அதுவரை படிப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். எவ்வளவு மின்சாரத்தில் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். அந்தப் பாதியை நம்பித்தான் பலரும் கணினி வாங்குகிறார்கள்.

முதலில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்ப்போம். இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசரின் அடிப்படை மின்திறன் 125 வாட். அதே பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது இழுக்கக்கூடிய உச்ச டர்போ மின்திறன் 253 வாட். இரண்டுமே நிறுவனம் வெளியிட்ட எண்கள்தான். ஆனால் பேச்சில் புழங்குவது 125 மட்டும். ஏஎம்டி பக்கம் ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் டிடிபி (வெப்ப வடிவமைப்புத் திறன்) என்று விற்கப்பட்டது. சாக்கெட் வழியாக, அதாவது மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடத்தின் வழியாக, அது 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஏஎம்5 சாக்கெட்டில் இதற்கு ஒரு நிலையான கணக்கே இருக்கிறது: டிடிபியை 1.35ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 65 வாட் என்பது 88 ஆகும், 105 என்பது 142, 120 என்பது 162. டிடிபி என்பது எந்த அளவு கூலர் தேவை என்பதைச் சொல்ல வந்த எண். எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டு நிறுவனங்களின் டிடிபியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நேரமும் இதில் ஒளிந்திருக்கிறது. 2020இல் வந்த கோர் ஐ9-10900கே, இன்டெலின் பரிந்துரைப்படி 250 வாட் வரை 56 வினாடிகள் ஓடலாம். அதன்பின் 125 வாட்டுக்கு இறங்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும் சோதனையை வைத்தால் 250 வாட் பிராசசரின் மதிப்பெண் கிடைக்கும். அரை மணி நேரம் வீடியோவை மாற்றுகிறவருக்கு வாய்ப்பது 125 வாட் பிராசசர். போதாக்குறைக்குப் பல மதர்போர்டுகள் அந்த வரம்பைக் கண்டுகொள்ளாமல் திறந்துவிட்டிருந்தன. அதனால் ஒரே பிராசசருக்கு இரண்டு மதிப்புரைகளில் இரண்டு குணங்கள் தெரிந்தன. பிராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் மென்பொருளின் ஆர்23 பதிப்பு வந்தபோது பத்து நிமிட ஓட்டத்தை இயல்பாகவே வைத்தார்கள். அதை நான் மனதார வரவேற்றேன்.

சரி, கடைசித் துளி வேகத்துக்கு ஏன் இவ்வளவு மின்சாரம்? டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் மின்திறன், கிளாக் வேகத்தோடு (நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது) நேர்விகிதத்தில் உயர்கிறது. மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கத்தில் உயர்கிறது. கிளாக்கை மட்டும் தனியாக உயர்த்தினால் பிரச்சினை சிறியது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூடுதல் கிளாக் வேண்டுமானால் கூடுதல் மின்னழுத்தமும் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் உயர்த்தினால் மின்திறன் ஏறக்குறைய 33 சதவீதம் ஏறும். 1.1 வோல்ட்டிலிருந்து 1.4 வோல்ட்டுக்குப் போனால், கிளாக் உயர்வைச் சேர்க்காமலேயே 60 சதவீதத்துக்கு மேல் கூடுதல். கிடைக்கும் வேகமோ கிளாக் உயர்ந்த அளவுக்குத்தான். நினைவகத்துக்காகக் காத்திருக்கும் வேலையென்றால் அதுகூட முழுதாகக் கிடைக்காது.

இன்டெல் ஒரு காலத்தில் இந்தப் பாடத்தைப் படித்தது. பென்டியம் 4 வரிசையை 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2004இல் கைவிட்டு, 2006இல் குறைந்த கிளாக்கும் குறைந்த வாட்டும் கொண்ட கோர் 2 டுயோவைக் கொண்டுவந்தது. அது பழைய பிராசசர்களை எளிதாகத் தாண்டியது. போட்டி இறுகியதும் இரண்டு நிறுவனங்களும் மீண்டும் அதே சரிவில் இறங்கியிருக்கின்றன. பிராசசரை மின்சிக்கனமான புள்ளியைத் தாண்டி வெகுதூரம் தள்ளிவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், பட்டை வரைபடத்தில் இன்னும் ஒரு படி மேலே நிற்பதற்காக.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ரைசன் 7 9700எக்ஸ். 2024 ஆகஸ்டில் வந்தது. எட்டு கோர், 65 வாட் டிடிபி. முந்தைய தலைமுறையின் 7700எக்ஸ் 105 வாட் டிடிபி கொண்டது. இரண்டையும் ஒப்பிட்டால் புதியது அற்புதம்: கொஞ்சம் கூடுதல் வேகம், வெகு குறைவான மின்சாரம். ஆனால் 7700எக்ஸுக்குப் பின்னால் எக்ஸ் இல்லாத 7700 என்று ஒன்று 2023 தொடக்கத்தில் வந்திருந்தது. அதே எட்டு கோர், அதே 65 வாட். 9700எக்ஸை அதன் பக்கத்தில் நிறுத்தினால், மின்சிக்கன முன்னேற்றம் என்று கொண்டாடப்பட்டதில் பெரும்பகுதி சுருங்கிவிடுகிறது. பழைய எக்ஸ் பிராசசர் தேவைக்கு மேல் மின்சாரம் தின்றதுதான் புதியதை அவ்வளவு சிக்கனமாகக் காட்டியது. அதற்காக 9700எக்ஸ் மோசமான பிராசசர் என்று சொல்ல மாட்டேன். ஒரே வாட்டிலும் அது முந்தையதைவிட முன்னால்தான் நிற்கிறது, அந்த முன்னேற்றத்தின் உண்மையான அளவு சிறியது, அவ்வளவே. அடுத்து நடந்ததுதான் வருத்தம். வேகம் போதவில்லை என்ற குரல் உயர்ந்ததும், சில வாரங்களில் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு வழியாக 105 வாட் முறையை ஏஎம்டி திறந்துவிட்டது. சிக்கனமாக அமைத்து அனுப்பிய பிராசசருக்கு நாம் கொடுத்த பரிசு அதுதான்.

ஒரே வாட்டில் ஒப்பிடுவது எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதற்கு 2022இல் ஏஎம்டியே காட்டிய ஓர் எண் வரிசை உண்டு. 7950எக்ஸை அதற்கு முந்தைய 5950எக்ஸோடு ஒரே டிடிபியில் நிறுத்தி, 65 வாட்டில் 74 சதவீதம் வரை, 105 வாட்டில் 37 சதவீதம் வரை, 170 வாட்டில் 35 சதவீதம் வரை கூடுதல் வேகம் என்றார்கள். நிறுவனம் தானே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே பார்க்கலாம். ஆனாலும் கவனியுங்கள், புதிய தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் முழுப் பலன் தெரிவது குறைந்த மின்சாரத்தில். கடையில் வாங்கி அப்படியே ஓட்டுகிறவர் அந்த 74ஐப் பார்ப்பதே இல்லை.

இனி என் முக்கியமான வாதம். வாட் என்பது அந்த நொடியின் கணக்கு. நாம் கேட்க வேண்டியது, ஒரு வேலை முடிய மொத்தம் எத்தனை வாட்-மணி (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) செலவாயிற்று என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு வீடியோ ரெண்டரிங் 250 வாட்டில் 10 நிமிடத்தில் முடிகிறது. 125 வாட்டில் 12 நிமிடம். 65 வாட்டில் 20 நிமிடம். பிராசசரை மட்டும் பார்த்தால் முறையே சுமார் 42, 25, 22 வாட்-மணி. கடைசிதான் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் மதர்போர்டு, நினைவகம், கிராபிக்ஸ் கார்டு, மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து 60 வாட் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று வையுங்கள். இப்போது 52, 37, 42 ஆகிறது. நடுவில் இருப்பதுதான் வெல்கிறது! அளவுக்கு மீறித் தள்ளினாலும் நட்டம், அளவுக்கு மீறி அடக்கினாலும் நட்டம். ஒவ்வொரு பிராசசருக்கும் இப்படி ஓர் இனிய புள்ளி உண்டு. அது எங்கே என்று எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை.

நாள் முழுவதும் நிரல் தொகுப்பும் வீடியோ வேலையும் பார்ப்பவன் நான். சுவர் பிளக்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வாட் மீட்டர் எப்போதும் செருகியிருக்கும். ரெண்டரிங் தொடங்கியதும் மீட்டரின் எண் ஒரே தாவலில் மேலே போகும். சில வினாடி கழித்து விசிறிச் சத்தம் அதைத் துரத்திக்கொண்டு எழும். பிறகு எண் மெல்லச் சரிந்து ஓர் இடத்தில் நிலைகொள்ளும். அந்த நிலைகொண்ட எண்ணைத்தான் நான் மதிக்கிறேன். மென்பொருள் காட்டும் வாட்டை மட்டும் நம்புவதில்லை. பிராசசருக்கு மின்னோட்டத்தைக் குறைத்துச் சொல்லும் மதர்போர்டுகள் இருக்கின்றன. 2020இல் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள், ரைசன் கணினிகளில் அந்தப் பிறழ்வைக் காட்டவே தனியாக ஓர் அளவீட்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. மறுபக்கம், சுவர் மீட்டரில் பவர் சப்ளையின் இழப்பும் கலந்திருக்கும். ஆகவே இரண்டு பிராசசர்களை ஒப்பிடும்போது பவர் சப்ளை, கூலர், நினைவகம், அறை வெப்பம் எதுவும் மாறக்கூடாது.

வெப்பநிலையைப் பார்த்துச் சிக்கனத்தை முடிவு செய்வதும் தவறு. 7950எக்ஸ் முழு வேலையில் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டுக்கொண்டே ஓடும்படி அமைக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் கிடைக்கும் வேகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். சின்னஞ்சிறு சில்லுப் பரப்பில் வெப்பம் குவிவதும் அதற்கு ஒரு காரணம். அறைக்குள் எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்பதை வாட்தான் சொல்லும்.

சும்மா இருக்கும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான கணினிகள் நாளின் பெரும்பகுதி இணையப் பக்கத்தையோ ஆவணத்தையோ திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. 2019இல் வந்த ரைசன் 3000 வரிசையிலிருந்து டெஸ்க்டாப் ரைசன்களில் பெரும்பாலானவை கோர்களை ஒரு சில்லிலும் உள்ளீட்டு-வெளியீட்டுப் பகுதியை வேறொரு சில்லிலும் வைத்திருக்கின்றன. இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான இணைப்பு எப்போதும் விழித்திருப்பதால், முழு வேலையில் சிக்கனமான பிராசசர்கூடச் சும்மா இருக்கையில் ஒற்றைச் சில்லு பிராசசரைவிடக் கூடுதலாக இழுக்கும். உங்கள் கணினி பெரும்பாலும் காத்திருக்கும் கணினி என்றால், ரெண்டரிங் பட்டியலைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம்.

விளையாட்டுக்காக வாங்குகிறவர்களுக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி ஒரு நல்ல பாடம். 120 வாட் டிடிபி கொண்டது. விளையாட்டுகளில் அதற்கு வெகு கீழேதான் ஓடும். பிராசசருக்குள்ளேயே 96 எம்பி மூன்றாம் நிலை கேச் (உள் நினைவகம்) இருப்பதால் தரவுக்காக வெளி நினைவகத்துக்கு அடிக்கடி ஓட வேண்டியதில்லை. அந்த ஓட்டம்தான் நேரத்தையும் மின்சாரத்தையும் விழுங்குவது. மின்னழுத்தத்தைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்ட முடியும் என்று அது காட்டியது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 9 285கே வேறு கதை. பல விளையாட்டுகளில் தன் முன்னோடி 14900கேயைவிடப் பின்தங்கியது, மின்சாரத்தை மட்டும் நன்றாகக் குறைத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற மதிப்புரைதான் நேர்மையானது.

மின்னழுத்தத்தை எல்லைவரை தள்ளுவதற்கு மின்கட்டணம் மட்டும் விலையல்ல. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில நிலைகுலைந்து செயலிழந்தபோது, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் ஒரு காரணம் என்று நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே பழுதான சில்லுகளை அந்தத் திருத்தங்கள் சரிசெய்யவில்லை.

மதிப்புரை எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பட்டை வரைபடத்தோடு ஒரு வளைகோட்டையும் கொடுங்கள். ஒரே பிராசசரை 65, 88, 125, 170, 250 வாட் வரம்புகளில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் வேகம் எவ்வளவு, வேலை முடிய எத்தனை வாட்-மணி என்று ஒரு படம் போதும். கூடுதலாக ஒரு நாள் வேலைதான். வாங்கியவர்களும் அதைத் தாங்களே செய்து பார்க்கலாம். ரைசன் என்றால் மின்திறன் வரம்பைக் குறைக்கும் ஈகோ முறை பயாஸில் இருக்கிறது. இன்டெல் என்றால் நீண்டநேர, குறுகியநேர மின்திறன் வரம்புகளை 125 வாட்டுக்கு மாற்றிவிட்டு, உங்கள் அன்றாட வேலையையே ஒருமுறை ஓட்டி, முடிய ஆன நேரத்தையும் மீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் எவ்வளவு கூடியது, வாட்-மணி எவ்வளவு குறைந்தது என்று இங்கே எழுதுங்கள். பிராசசர் பெயரையும் கூலரையும் சேர்த்து எழுதினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.