மூணு பேரைக் கொடுத்து ஒரு ஸ்டார்: லேக்கர்ஸ் கணக்கு எங்கே உதைத்தது?

அமெரிக்க கூடைப்பந்து லீகான என்பிஏவில் ட்ரேட் (அணிகளுக்குள் ஆட்டக்காரர் மாற்றம்) சீசன் வந்தாலே, "ரோல் பிளேயர் (ஸ்டாருக்குத் துணையாக ஆடுபவர்) மூணு பேரைத் தள்ளிவிட்டு ஒரு ஸ்டாரைத் தூக்கிடலாம்" என்று ரசிகர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயர்களை எடை போடுகிறார்களே தவிர, ஆட்ட நிமிடங்களையும் சம்பளத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

2021 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் அணியான லேக்கர்ஸ் செய்தது இதைத்தான். கொடுத்தது: கைல் கூஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல்-போப் (இனி கேசிபி), மாண்ட்ரெஸ் ஹாரெல், கூடவே டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 22-வது பிக், அதாவது 22-வதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை. வந்தவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்.

ஏன் மூணு பேர்? வெஸ்ட்புரூக் சம்பளம் சுமார் 4.42 கோடி டாலர். கேப்பை (அணியின் மொத்தச் சம்பள வரம்பு) வெகுவாகத் தாண்டி லீகுக்கு வரி கட்டும் அணி, அன்றைய விதிப்படி, அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் மேலே ஒரு லட்சம் டாலரும்தான் திரும்ப வாங்கலாம். கூஸ்மா, கேசிபி தலா 1.3 கோடி, ஹாரெல் 97 லட்சம். மொத்தம் சுமார் 3.57 கோடி, அதற்கு வரம்பு 4.47 கோடி. ஹாரெலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் கணக்கு இடிக்கும்.

இப்போது நிமிடங்கள். முந்தைய சீசனில் அந்த மூவரும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சுமார் 80 நிமிடம் ஆடினார்கள். லேக்கர்ஸுக்கு வந்து வெஸ்ட்புரூக் ஆடியது 34. மிச்சம் சுமார் 46 நிமிடத்துக்கு ஆள் வேண்டும், கையில் இருப்பதோ மினிமம் காண்ட்ராக்ட் (லீகின் குறைந்தபட்சச் சம்பளம்). அப்படி வந்தவர்கள்தான் கார்மெலோ, ட்வைட் ஹோவர்ட், அரீஸா, டிஆண்ட்ரே ஜோர்டன், எலிங்டன். மாலிக் மாங்க் ஒருவர்தான் உருப்படியான லாபம். அரீஸா சீசன் தொடங்கும் முன்பே கணுக்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். ட்ரேடில் இல்லாத அலெக்ஸ் கருஸோவையும் அதே கோடையில் சிகாகோவுக்கு விட்டார்கள். சிகாகோ கொடுத்தது 4 வருடத்துக்கு 3.7 கோடி டாலர். என்னைக் கேட்டால், வெஸ்ட்புரூக்கை வாங்கியதைவிடப் பெரிய தவறு இது.

களத்தில் நடந்ததைப் பாருங்கள். அணியின் பெரிய ஸ்டார் லெப்ரான் பந்தோடு கூடையை நோக்கி உள்ளே டிரைவ் பண்ணும்போது களத்தின் கார்னரில் கேசிபி நின்றால், கேசிபியைக் காக்கும் எதிரணிக்காரன் ஒரு அடி நகரப் பயப்படுவான். 2020-21-ல் கேசிபி தொலைவிலிருந்து எறிந்த த்ரீ-களில் (மூன்று பாயின்ட் ஷாட்) 41 சதவீதம் உள்ளே போனது. அதே இடத்தில் வெஸ்ட்புரூக் என்றால் அவன் நேராக பெயின்ட்டுக்குள் (கூடைக்குக் கீழே உள்ள பகுதி) வந்து உட்கார்ந்துகொள்வான். ஸ்கோர் ஷீட்டில் வெஸ்ட்புரூக்குக்கு 18 பாயின்ட் இருக்கும், லெப்ரானும் இன்னொரு ஸ்டாரான ஏடியும் (ஆன்டனி டேவிஸ்) இழந்த இடம் அதில் பதிவாகாது. முந்தைய சீசனில் லீகின் முதல் டிஃபென்ஸாக இருந்த அணி பாதிக்குக் கீழே விழுந்தது. முடிவு 33 வெற்றி, 49 தோல்வி. ப்ளே-இன்கூட (நாக்-அவுட் சுற்றின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம்) இல்லை.

இதைவிட மோசமானது, திருத்த வழியே இல்லாமல் போனது. 1 கோடி, 1.3 கோடி மாதிரியான நடுத்தர காண்ட்ராக்ட்கள்தான் அடுத்த ட்ரேடுக்குச் சில்லறை. அதையெல்லாம் ஒரே நோட்டாக மாற்றிவிட்டால், டவுன் பஸ்ஸில் ஐநூறு ரூபாயை நீட்டுகிற கதைதான். 2023 பிப்ரவரியில் அந்த நோட்டை உடைக்க, 2027 முதல் சுற்று பிக்கையும் (முதல் 4-க்குள் வந்தால் தரவேண்டாம் என்ற பாதுகாப்போடு) சேர்த்துக் கொடுக்கவேண்டி வந்தது. வந்தவர்கள் டிஆஞ்சலோ ரஸ்ஸல், பீஸ்லி, வாண்டர்பில்ட். ஜனவரியிலேயே ஹாச்சிமுரா வந்திருந்தார். 2-10 என்று தொடங்கிய அந்த அணி மேற்குப் பிரிவு இறுதி வரை போனது. அங்கே 4-0 என்று துடைத்தெறிந்த டென்வரில் ஸ்டார்ட்டராக ஆடியவர் யார்? கேசிபி!

ஸ்டார் ட்ரேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019-ல் ஏடிக்காக லான்ஸோ பால், இங்கிரம், ஜாஷ் ஹார்ட், பிக்குகள் என்று அள்ளிக் கொடுத்தார்கள், 2020-ல் கோப்பை வந்தது. ஆனால் அந்த ட்ரேடில் கூஸ்மாவைத் தர மறுத்தார்கள். கேசிபியும் கருஸோவும் இருந்தார்கள், டேனி கிரீனை வெளியிலிருந்து பிடித்தார்கள்.

இப்போது விதி இன்னும் இறுக்கம். 2024-லிருந்து இரண்டாம் ஏப்ரனை (வரி வரம்புக்கும் மேலே உள்ள சம்பளக் கோடு) தாண்டிய அணி, இரண்டு மூன்று சம்பளங்களைக் கூட்டி ஒரு ஆளை வாங்கவே முடியாது. ஃபீனிக்ஸ் அதில்தான் மாட்டியது. ஸ்டார் டுரான்ட்டுக்காக பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கிரவுடர், 4 முதல் சுற்று பிக் கொடுத்தது, பிறகு இன்னொரு ஸ்டார் பீலையும் வாங்கியது. 2024-25-ல் 36 வெற்றி, 46 தோல்வி. அந்த பிரிட்ஜஸை வாங்க நியூயார்க் 2024-ல் கொடுத்தது 5 முதல் சுற்று பிக்.