கைலி கட்டியவன் எல்லாம் அல் ஷபாபா?

நேற்று முழுக்க நம் பக்கங்களில் அந்தப் புகைப்படம்தான் ஓடியது. பாதிப் பேர் பகிர்ந்திருந்தீர்கள், மீதிப் பேர் சிரிப்பு போட்டிருந்தீர்கள். கைலி, ரப்பர் செருப்பு, தோளில் ஏ.கே. 47. மேலே "சோமாலியா தீவிரவாதிகளின் யூனிஃபார்ம்" என்று நக்கல் வேறு. முதலில் போட்டவர் விவரம் தெரியாதவரும் இல்லை. வாராவாரம் நமக்கு உலக அரசியல் பாடம் எடுப்பவர்.

ஐயா, அவர்கள் மஅவிஸ்லி. சோமாலியில் மஅவிஸ் என்றால் நம் கைலிதான். கைலிக்காரர்கள் என்பதே அவர்களுக்குப் பெயர். வரி என்று சொல்லி ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிப்போய், பிள்ளைகளையும் படைக்குக் கேட்ட அல் ஷபாப் என்ற தீவிரவாதக் கூட்டத்தைத் திருப்பி அடித்த ஊர்க்காரர்கள். 2022-ல் ஹீரான் பகுதியில் அரசுப் படையோடு சேர்ந்து அல் ஷபாபைத் துரத்தியவர்கள். தீவிரவாதியோடு சண்டை போட்டுச் சாகிறவனையே தீவிரவாதி ஆக்கிவிட்டீர்கள். பிரமாதம்.

இதை மரியாதையாகத்தான் பின்னூட்டத்தில் சொன்னேன். "எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை" என்று பதில். அதற்கு ஏகப்பட்ட லைக்.

ஒரே மட்டை இல்லை. துப்பாக்கியைப் பிடித்திருப்பது யார், எந்த வருஷம், யாரை எதிர்த்து? இதைக் கேட்காமல் சோமாலியாவைப் பற்றி ஒரு வரிகூடப் பேச முடியாது.

2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு ஓர் அரசு இருந்தது, பெயருக்கு. 2004-ல் கென்யாவில் வைத்து அமைத்த இடைக்கால அரசு. ஜனாதிபதி அப்துல்லாஹி யூசுப். தலைநகர் மொகதிசுவுக்குள் கால் வைக்க முடியாமல் பைதோவா என்ற வேறோர் ஊரில் ஒரு பழைய தானியக் கிடங்கில் நாடாளுமன்றம் நடத்தினார்கள். மொகதிசுவிலோ தெருவுக்கு ஒரு தாதா, முக்குக்கு முக்கு காசு பிடுங்கும் சோதனைச் சாவடி. அந்தத் தாதாக்களுக்கு அமெரிக்கப் பணம் போனது அப்போதே பரவலாகப் பேசப்பட்ட விஷயம். ஜூன் மாதம் இஸ்லாமிய நீதிமன்றங்களின் படை, அதாவது ஷரியத் சட்டப்படி தீர்ப்புச் சொல்லிவந்த உள்ளூர் நீதிமன்றங்கள் சேர்ந்த கூட்டணியின் படை, அவர்களை விரட்டியது. சாவடிகள் போயின. 1995-லிருந்து மூடிக் கிடந்த விமான நிலையம் திறந்தது.

டிசம்பரில் எத்தியோப்பியப் படை அரசுக்கு ஆதரவாக உள்ளே வந்தது. எத்தியோப்பியா! 1977-ல் ஓகாடன் என்ற எல்லைப் பகுதிக்காகச் சோமாலியா போரிட்டுத் தோற்ற அதே நாடு. அந்த டாங்கிகள் வந்த பிறகுதான், 2007 ஜனவரியில், ஜனாதிபதி முதல்முறையாகத் தன் தலைநகருக்குள் வந்தார். அப்படி வந்தவரை மொகதிசுக்காரன் மாலை போட்டு வரவேற்றிருக்க வேண்டுமா?

அந்த வருஷங்களில் நான் துபாய் தேராவில் ஒரு கார்கோ அலுவலகத்தில் இருந்தேன். என் அறையில் ஒரு மொகதிசுக்காரர். ராத்திரியில் அவரும் கைலி, நானும் கைலி. அவருடையது இந்தோனேசியா கைலி, அதில் அவருக்கு ஒரு பெருமை. என் சங்கு மார்க்கைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். 2007-ல் மொகதிசுவின் பக்காரா சந்தைப் பக்கம் குண்டு விழ ஆரம்பித்ததும் அவருடைய அம்மா, லட்சக்கணக்கான சனத்தோடு அஃப்கோய் சாலை ஓரம் போய்க் குடிசை போட்டார். போன் லைன் கிடைக்காத ராத்திரிகளில் இவர் தூங்க மாட்டார். அக்கா மகன், பத்தொன்பது வயது, எத்தியோப்பியர்களை எதிர்த்து ஊர்ப் பையன்களோடு போய்விட்டான். மதம், கிதம் எதுவும் அவன் தலையில் இல்லை என்பார். வீட்டுக் கூரை போன கோபம்.

"அப்போ அல் ஷபாபுக்கு வக்காலத்தா?" கேட்பீர்கள், தெரியும். 2017 அக்டோபரில் மொகதிசுவில் லாரி குண்டு வைத்து 500-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்களுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? அந்தக் கூட்டம் வளர்ந்ததே எத்தியோப்பியர்கள் இருந்த அந்த இரண்டு வருஷத்தில்தான் என்கிறேன். அந்நியப் படையை அடிக்கிறோம் என்று சொன்னால் போதும், ஆள் வந்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறியது. அதே மாதம் ஜனாதிபதி ஆனவர் யார் தெரியுமா? அந்த நீதிமன்றங்களின் தலைவராக இருந்த ஷேக் ஷரீஃப் அகமது! யாரை விரட்ட டாங்கி வந்ததோ அவரே ஜனாதிபதி. அவருக்குக் காவல் ஆப்பிரிக்க ஒன்றியப் படை, அவரைக் கொல்லத் துடித்தது அல் ஷபாப். ஒரே மட்டையாம்.

நீதிமன்றக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. சினிமாக் கொட்டகைகளை மூடினார்கள், எத்தியோப்பியா மீது ஜிகாத் என்று வாய்விட்டார்கள். சரி, அதற்கு ஒரு நகரத்தையே காலி செய்வதா?

"கல்ஃபுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து நீ மாறிவிட்டாய்" என்று எழுதியவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அவன் அப்பாவின் காரியத்துக்கு விமானம் பிடித்து வந்தவன் நான். போகட்டும். நான் மாறினேனோ இல்லையோ, ஒரு வருஷம் எதிர்க் கட்டிலில் ஒருத்தர் தூங்காமல் கிடந்ததைப் பார்த்தேன். அக்கா மகன் திரும்பி வரவில்லை. எத்தியோப்பியர்கள் போன பிறகு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தார்கள். அதற்குள் அவன் நின்ற கூட்டம் ஊர்ப் பையன்கள் கூட்டமாக இல்லை. வெளியே விட மாட்டார்கள்.

அந்த அறைத் தோழர் இன்றும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். தமிழ் தெரியாது. நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்டார்: "எங்கள் ஆட்கள் படம் உன் பக்கத்தில் வந்திருக்கிறதே, எல்லாரும் சிரிக்கிறார்களே, என்ன எழுதியிருக்கிறது?"

கைலி நன்றாக இருக்கிறதாம் என்றேன்.