ஆமா இல்லையா என்று கேட்ட அண்ணைக்கும், வெட்டி ஒட்டின தம்பிக்கும்

ஒன்றும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கூட்டத்தில் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு அந்த வீடியோத் துண்டு எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். அம்மாவின் கோயில் வட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது என்றால் பாருங்கோ.

காசாவுக்காக வைத்த கூட்டம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு யூத மனுசி பஸ் மாறி ரொறன்ரோவின் ஸ்காபுரோவுக்கு வந்து, தன் சனத்தின் பெயரால் ஒரு அரசு செய்வது பாவம் என்று கதைத்தார். தவறு, கொள்கைப் பிழை என்றெல்லாம் மழுப்பாமல், கடவுளுக்கு முன்னால் பாவம் என்றே சொன்னார். அது வீடியோவில் இல்லை. கேள்வி நேரத்தில் ஒரு அண்ணை எழும்பி, "நீங்கள் சியோனிஸ்டா இல்லையா? ஆமா, இல்லையா?" என்று கேட்டதும், அவர் "ஒரு சொல்லில் சொல்ல என்னிடம் பதில் இல்லை" என்றதும் மட்டும் இருக்கிறது. (சியோனிஸ்ட் என்றால், பலஸ்தீன மண்ணில் யூதருக்கென்று ஒரு நாடு வேண்டும் என்கிறவர்.) மேலே சிவப்பு எழுத்தில் "சியோனிஸ்ட் கிழவி". அடுத்த நாளே இஸ்ரேலுக்கு ஆதரவான மற்றப் பக்கத்தாரும் விழித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதே மனுசி "ஹமாஸுக்கு வக்காலத்து வாங்கும் யூதத் துரோகி". இரண்டு பகுதியாரும் ஒரே படத்தைத்தான் பாவித்திருக்கிறார்கள். ஒற்றுமை என்றால் இதுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு யூதர் தன் கடவுளோடும் தன் சனத்தோடும் பிடிக்கிற சண்டை, உங்கள் கட்சிக்கு ஆள் பிடிக்கிற இடம் இல்லை. அவர் உங்களுக்குச் சாட்சி சொல்லப் பிறக்கவில்லை. இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அன்று அந்த மனுசி, எங்கள் ரீச்சர், கூடுதலாகக் கதைத்தது யெஷயாஹு லெய்போவிட்ஸ் பற்றி. (எங்கள் வீட்டில் அவர் ரீச்சர்தான், அம்மாவுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர்.) லெய்போவிட்ஸ் 1903-இல் ரீகாவில் பிறந்தவர். எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிப்பித்த விஞ்ஞானி, மதக் கட்டளையில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத வைதிக யூதர். 1967 யூனில் ஆறு நாள் போர் முடிந்து நாடே எருசலேமில் யூதரின் புனித இடமான மேற்குச் சுவருக்கு முன்னால் ஆடிப்பாடிக்கொண்டு நிற்க, இந்த மனுசன் பிடித்த நிலத்தை விட்டு வெளியேறச் சொன்னார். இன்னொரு சனத்தை ஆளப் புறப்பட்டால் இஸ்ரேல் உளவுப் பொலிஸின் நாடாகிவிடும் என்று அடுத்த வருசமே எழுதினார். அந்தச் சுவருக்கு நடந்த பூசையைச் சிலை வணக்கம் என்றார், "டிஸ்கோத்தெல்" என்று நக்கலும் அடித்தார் (அந்தச் சுவருக்கு எபிரேயத்தில் கோத்தெல் என்று பெயர்). 1982 லெபனான் போரில், போகமாட்டோம் என்று மறுத்த படையினருக்குப் பக்கத்தில் நின்றார். 1993-இல் இஸ்ரேல் பரிசு அவருக்கு என்று அறிவித்தபோது, பிரதமர் ரபீன் விழாவுக்கு வரமாட்டேன் என்றார். கிழவர் பரிசே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

இதுவரைக்கும் எங்கள் அண்ணை கைதட்டுவார். இனித்தான் சிக்கல். அதே லெய்போவிட்ஸ் தன்னைச் சியோனிஸ்ட் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டார். காரணம் கேட்டால் மிகச் சாதாரணமானது. புறச்சாதியார் எங்களை ஆண்டது போதும், அலுத்துவிட்டது. அவ்வளவுதான். அவருக்கு அரசு என்பது வீதி போட, களவு பிடிக்க, உயிரைக் காப்பாற்ற வேண்டிய ஒரு ஏற்பாடு. அதில் புனிதம் ஒன்றும் இல்லை. புனிதம் கடவுள் ஒருவருக்கே. அரசைப் புனிதம் என்று கும்பிடுகிறவன் யூத மதத்தையே விட்டவன். அண்ணை, இவருக்கு எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவீர்கள்?

"உண்மையான யூதர்கள் இவர்கள்தான்" என்று கறுப்புத் தொப்பியும் தாடியும் பலஸ்தீனக் கொடியுமாக நிற்கிற படத்தை மாதத்துக்கு ஒருக்கால் போடுகிறீர்களே, அவர்கள் நெத்தூரே கார்த்தா என்கிற மிகச் சிறிய குழு. மேசியா வரமுதல் யூத அரசு அமைப்பது கடவுளுக்கு எதிரான கலகம் என்பது அவர்களின் எதிர்ப்பு. பலஸ்தீனரின் உரிமை அதில் பிறகு வந்து சேர்ந்தது. அவர்களில் சிலர் 2006 டிசம்பரில் தெஹ்ரானில் நாசிப் படுகொலையை மறுப்பவர்கள் கூடிய மாநாட்டுக்குப் போனார்கள். சியோனிசத்தை அவர்களைப்போலவே எதிர்க்கிற சாத்மார் என்கிற வைதிக யூதப் பிரிவினரே அதைக் கண்டித்தார்கள். அந்தச் சாத்மார் குரு யோவேல் டைட்டெல்பாமின் கதை இன்னும் விசேஷம். சியோனிசத்துக்கு எதிராக அவரளவுக்கு எழுதின ராபி இல்லை. அவர் உயிர் தப்பினதோ 1944-இல் ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 1,700 பேரை வெளியே கொண்டுவந்த ரயிலில். நாசிகளோடு பேரம் பேசி அந்த ரயிலை ஒழுங்குபண்ணினவர் காஸ்ட்னர் என்கிற ஒரு சியோனிஸ்ட். இதைப் படத்துக்குக் கீழே எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள். படத்துக்குத் தாடி போதும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அந்த எட்வின் மாண்டேகு, இந்திய விவகாரத்துக்கான பிரித்தானிய அமைச்சர், ஒரு யூதர். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று 1917 ஓகஸ்ட் 20-இல் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, பலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் அமைய ஆதரவு சொல்லும் பல்ஃபர் பிரகடனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த தன் சொந்த அரசை யூத வெறுப்பு அரசு என்று குற்றம்சாட்டி ஒரு குறிப்பு எழுதினார். யூதருக்கென்று ஒரு தாயகம் என்றால், மற்ற நாட்டுக்காரன் எல்லாம் "உன் ஊருக்குப் போ" என்பான் என்று பயந்தார். நவம்பர் 2-இல் பிரகடனம் வந்தது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஹேர்பேர்ட் சாமுவேல் அதே சியோனிசத்துக்காக உழைத்து, 1920-இல் பலஸ்தீனத்தின் முதலாவது பிரித்தானிய உயர் ஆணையரானார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே முடியாத கணக்கு. நீங்கள் நூலக மண்டபத்தில் மைக்கைப் பிடித்து முடித்துவைக்கப் போகிறீர்கள்.

அடுத்து காந்தி. "பலஸ்தீனம் அரேபியருக்குரியது" என்ற வரியைப் போட்டு ஒருவர் என்னை மடக்கியிருக்கிறார். 1938 நவம்பரில் அவரின் ஹரிஜன் பத்திரிகையில் வந்தது, உண்மை. யூதரின் கடைகளும் ஆலயங்களும் ஜெர்மனி முழுக்க எரிந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதே கட்டுரையில் ஜெர்மன் யூதர்களைச் சத்தியாக்கிரகம் செய்யச் சொல்கிறார் காந்தி. அந்தப் பாதியையும் போடுங்கோ. அவருக்குப் பதில் எழுதினவர்கள் வெறியர்களும் இல்லை. யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர், எபிரேயப் பல்கலைக்கழகத் தலைவர் யூதா மாக்னஸ். யூதரும் அரேபியரும் சமமாக ஆளும் ஒரே நாடு வேண்டும் என்று நின்று, இரண்டு பக்கத்தாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். தன் சனம் தனித்து ஆள்வதற்கு எதிராக நின்றபடியே, தன் சனத்துக்கு அந்த மண்ணோடு ஒரு உறவு உண்டு என்று காந்தியிடம் வாதாடினார் பூபர். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது. எங்கள் ஆட்களுக்கு இது தாங்காது.

"யூத மதம் வேறு, சியோனிசம் வேறு, இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு கொமென்ற். தெரியும் தம்பி. நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் அது நாங்கள் வெளியில் நின்று சொல்ல லேசு. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் எருசலேமைப் பார்த்துத் தொழுகிற, பஸ்கா விருந்தை "அடுத்த வருசம் எருசலேமில்" என்று முடிக்கிற சனத்துக்கு அந்தக் கோட்டைக் கீறுவது அவ்வளவு சுகம் இல்லை. ரீச்சரின் ஆலயத்தில் சனிக்கிழமை காலைத் தொழுகையில் இஸ்ரேல் அரசுக்காக ஒரு மன்றாட்டு உண்டு. அந்த அரசை "எங்கள் மீட்பின் முதல் துளிர்" என்கிறது அது. எல்லாரோடும் எழும்பி நிற்பாராம். ஏனென்றால் பேத்தி ஹைஃபாவில் இருக்கிறாள், அவளுக்காகவும்தானே மன்றாட்டு. அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாராம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது தெரியும். சிலர் இப்போது அவரோடு கதைப்பதில்லை. இதையும் அன்று மேடையில் சொன்னார். வெட்டின தம்பிக்கு இது சுவாரசியமாகப் படவில்லையாக்கும்.

"பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது யூதரின் மனச்சாட்சிதான் உனக்குப் பெரிசா?" இந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். காசாவில் பல்லாயிரம் பேர் செத்தார்கள், அதில் எத்தனையோ ஆயிரம் குழந்தைகள். அதற்குப் பக்கத்தில் எவருடைய மனவேதனையும் சிறிசுதான். ஆனால் அந்தக் கேள்வியைத் தன் சபையிலேயே எழும்பிக் கேட்டவர் ரீச்சர். 2023 ஒக்ரோபர் 28-இல் நெதன்யாகு "அமலேக் உனக்குச் செய்ததை நினைத்துக்கொள்" என்று, பழைய எதிரிச் சனம் ஒன்றை அடியோடு அழிக்கச் சொல்கிற வேதப் பகுதியைத் தூக்கினபோது, அதே வேதம் "அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்கள்" என்கிறதே என்று கேட்டவர். இரண்டு வசனமும் வருசா வருசம் ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. ஒன்றைக் கிழித்துப்போட அவரால் முடியாது. எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது என்றுதான் மல்லுக்கட்டுகிறார்.

ஒக்ரோபர் 7-ஐப் பற்றிக் கதைக்கக்கூடாது என்கிறவர்களுக்கு நீளமான பதில் கிடையாது. அன்று ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் விவியன் சில்வர், எங்கள் வின்னிப்பெக்கில் பிறந்தவர். காசா நோயாளிகளை எல்லையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டுபோனவர். அம்மாவைக் கொன்ற பிறகும் போரை நிறுத்து, சமாதானம் பேசு என்று நிற்கிறான் மகன். அவனிடமும் போய்க் கேளுங்கோ, ஆமா இல்லையா என்று.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?

2009 மே. ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் எங்கள் சனம் ஏறி உட்கார்ந்த நேரம். பெரியம்மா குடும்பம் முள்ளிவாய்க்காலில், தொடர்பு இல்லை. நான் வேலை செய்த இடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தன் கேட்டான், நல்ல பெடியன்தான், "நீ முதலில் புலிகளைக் கண்டிக்கிறாயா?" முதலில்! அதற்குப் பிறகுதான் பெரியம்மாவைப் பற்றி நான் அழலாமாம். சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினேன்.

பெரியம்மா இல்லை என்று செய்தி வந்தபோது ரீச்சர் வீட்டுக்கு வந்தார். வந்து கதிரையில் இருந்தார். வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குச் சரியான சங்கடம், "என்ன இந்த மனுசி, ஒரு வார்த்தை கேக்கிறாவில்லை?" என்று குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னா. துக்கப்பட்டவர் முதலில் கதைக்கும்வரை வந்தவர் கதைக்கக்கூடாது என்பது அவர்களின் முறை என்று எங்களுக்கு எங்கே தெரியும். அதோடு அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார், அது அவர்களின் துக்க வீட்டுச் சாப்பாடு. அந்தியேட்டி முடியும்வரை மச்சம் தொடாத வீட்டுக்குள் முட்டை! அம்மா முகம் போன போக்கு. பிறகு அம்மா கதைக்கத் தொடங்கினா, அவவின் அரைகுறை ஆங்கிலத்தில், இருட்டும்வரை. ரீச்சர் ஒரு நிபந்தனையும் கேட்கவில்லை. அந்த மனுசியை நாங்கள் கூப்பிட்டு, மேடையேற்றி, ஆமா இல்லையா என்று கேட்டு அனுப்பியிருக்கிறோம்.

மற்றப் பக்கத்தாரும் சிரிக்கவேண்டாம். "இஸ்ரேலைப்போல எங்களுக்கும் ஒரு நாடு" என்று இன்னமும் கனவு காண்கிற ஐயாமாரே, வன்னியில் பிள்ளைகள் பதுங்கு குழிக்குள் ஓடினது எந்த விமானத்தின் இரைச்சலைக் கேட்டு? கிபிர். செய்தது யார், விற்றது யார்? இஸ்ரேல். யூதர் எல்லாரும் ஒரு கட்சியில் நின்று எங்களை மீட்க வருவார்கள் என்பதும், யூதர் எல்லாரும் ஒரு கட்சியில் நின்று உலகை ஆட்டுகிறார்கள் என்பதும் ஒரே பைத்தியம்தான்.

எங்களுக்குள் கேள்வி கேட்டவர்களை என்ன செய்தோம்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-இல் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு விழுந்தார். இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என்று எல்லாரும் செய்ததையும் எழுதினதுதான் அவர் செய்த குற்றம். அடுத்த வருசம் ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் துரத்தினபோது, யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். எங்கள் கோயிலில் அதற்காக யார் என்ன மன்றாட்டுச் சொன்னது? யோம் கிப்பூர் என்கிற பாவ மன்னிப்பு நாளில் யூதர்கள் சபையாக எழும்பி, தான் தனியே செய்யாத பாவத்தையும் சேர்த்து "நாங்கள் செய்தோம்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் அந்த அரசுக்கே வாக்குப் போடுகிறவர்களும் அதே சபையில் உண்டு, நான் ஒன்றும் குழந்தை இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அதற்கு ஒரு இடமும் இல்லை. துரோகி என்ற பட்டம் மட்டும் தயாராக இருக்கிறது, இப்போது அதை ஏற்றுமதியும் செய்கிறோம்.

"1990-ஐ ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய், நீ புலியா, புலி எதிர்ப்பா?" என்று கீழே வரப்போகிறவர்களுக்கு: கேளுங்கோ, பதில் வராது. லெய்போவிட்ஸ் பற்றிக் கேட்கிற ஆள் இருந்தால் தொலைபேசி எடுங்கோ, விடிய விடியக் கதைப்பம்.